மஞ்சள் பஞ்சு

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் பதினோராவது மாடி. பழுது பார்க்க வந்த பக்கிரிசாமி, துணி காயவைக்கும் டிரையரிலிருந்து, துணியில் உதிரும் பஞ்சைப் பிடிக்கும் வலைத்தட்டை உருவி எடுக்கிறார். விரல் தடிமனுக்குப் பஞ்சு அப்பியிருக்கிறது. ஓரம் கருகியிருக்கிறது. "என்ன பாஸ் இது, தலகாணியே தைக்கலாம் போல! துணி காயலன்னு மெஷின் மேல பழி போடுறீங்க. இன்னும் ரெண்டு தடவ ஓட்டியிருந்தா நெருப்பு புடிச்சிருக்கும் லா. வீட்டுல சின்னப் புள்ள வேற." இப்படி ஒரு தட்டு இருப்பதே லோகனுக்கு இப்போதுதான் தெரிகிறது. துணி வேலையெல்லாம் மனைவி புனிதாவினுடையது. அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. "குடுங்கண்ணே, நான் எடுக்குறேன்" என்று வாங்கி, நகத்தால் உரிக்கிறான். மகளின் பள்ளிச் சீருடை நீலமும் அவன் சட்டைகளின் சாம்பல் நிறமும் கலந்து, பஞ்சு ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. அடியில், வலையை ஒட்டி, மெல்லிய மஞ்சள். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பால்குடம் எடுத்துப் போனபோது அவள் கட்டியிருந்த பருத்திச் சேலை. அவள் கடைசியாகக் காயவைத்த துணி. ஜன்னல் வெயிலில், அதற்குள் நீளமாக ஒரு முடி மினுங்குகிறது. அறைக்குள் மகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கிறாள். லோகனின் நகம் மஞ்சளின் விளிம்பில் நின்றுவிடுகிறது. "அதையும் எடுங்க பாஸ். கொஞ்சம் இருந்தாலும் ஆபத்துதான்." மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறாள். அவன் எடுக்கிறான். வலையின் கண்கள் வழியே வெளிச்சம் தரையில் விழுகிறது. பக்கிரிசாமி தட்டைத் திரும்பப் பொருத்துகிறார். "ஒவ்வொரு தடவயும் எடுக்கணும்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி வைங்க." "சொல்றேண்ணே" என்கிறான் லோகன், மூடிய கையைத் திறக்காமல்.