அம்மணி சொன்ன நம்பர்

சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் மாதந்தோறும் இதய ஹார்மோன் அளவைப் பார்ப்பது மோகனப்பிரியாவின் வேலை. அது ஏறினால் இதயம் திணறுகிறது என்று பொருள். அன்று தாராபுரம் வெள்ளியங்கிரியின் ரத்த டியூப் அவள் கைதவறி உடைந்துபோனது. அவரோ பஸ் ஏறிவிட்டார். யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, போன மாத அளவில் கொஞ்சம் குறைத்து 1840 என்று எழுதிவிட்டாள். மாலையில் அவர் போனில் கேட்டார்.

"கொறஞ்சிருக்குதுங்க," என்றாள்.

"அம்மணி சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்."

ஒன்பதாம் நாள் மூச்சடைத்து இறந்துபோனார்.

அடுத்த மாதம் அவர் மனைவி தெய்வாத்தாள் இளநீரோடு வந்தார். "நீங்க சொன்ன நம்பரை ஊரெல்லாம் சொல்லிப்போட்டு, நிம்மதியாப் போனாருங்க."

மோகனப்பிரியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தெய்வாத்தாள் கிளம்பிய பின் அன்றைய டியூப்களை எண்ணினாள். வந்தவர்கள் பதினான்கு பேர். டியூப்கள் பதினைந்து இருந்தன. கடைசியில் இருந்ததன்மேல் அவள் கையெழுத்திலேயே வெள்ளியங்கிரி என்று எழுதியிருந்தது. தொட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது.

அதை மெஷினில் வைத்தாள். உண்மையான அளவே வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்றாள்.

பதினெட்டு நிமிடம் கழித்துத் திரையில் 1840 என்று வந்தது.