தோணித்துறையில் ராசா

"தெரியா ஐயா" என்றார் யோகராசா அண்ணாவியார்.

சொல்லிவிட்டு, மண்ணைப் பார்த்தபடி அப்பால் போனார்.

வரிசையில் அவருக்கு நாலைந்து பேர் பின்னால் கண்ணகை நின்றாள். அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மகள் சின்னத்தங்கம். பிள்ளைக்கு இன்னும் பால்பல் விழவில்லை.

தோணித்துறையில், சேற்றில் பாதியும் வாவித் தண்ணீரில் பாதியுமாய்க் கிடந்தவர் இளையதம்பி. கண்ணகையின் புருஷன். நேற்றுப் பின்னேரம் சாமான் வாங்கவென்று களுவாஞ்சிக்குடிக்குப் போன மனிதர்.

துவக்குக்காரர் விடியவே துவக்கு முனையில் ஊரைக் கரைக்கு ஓட்டி வந்திருந்தார்கள். ஒவ்வொருவராய் வந்து பிணத்தைப் பார்க்க வேண்டும். யாருடைய ஆள் என்று சொல்ல வேண்டும்.

போன கிழமை பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒருவன், "என்ர தம்பி" என்று விழுந்து அழுதான். அவனையும் பெண்சாதி பிள்ளைகளையும் ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ட்ரக் திரும்பி வந்தது. அவர்கள் வரவில்லை.

அதனால் ஊர் முழுக்க ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு போனது.

யோகராசா அண்ணாவியாருக்கா தெரியாது? மீசை முளைக்காத வயதில் இளையதம்பியின் காலுக்கு முதல் சதங்கையைக் கட்டிக் கூத்துப் பழக்கியவரே அவர்தானே. அவருடைய மத்தளத்துக்கு இளையதம்பி ராசா வேஷம் ஆடத் தொடங்கினால், கூத்துக் களரியைச் சுற்றி இருக்கிற சனம் நித்திரையை மறந்துவிடும்.

அடுத்தவர் அசனார் காக்கா. காத்தான்குடியிலிருந்து சைக்கிளில் புடைவை கொண்டு வருகிறவர். இன்று ஊரோடு சேர்ந்து அகப்பட்டுக்கொண்டார். ராசா உடுப்புக்குச் சிவப்பு வெல்வெட்டைத் தேடிக் கொண்டு வந்தவர் அவர்தான். "ஒட்டுப் போட்ட உடுப்போட வந்தா ராசா எண்டு ஆருகா நம்புவான்? கட்டியக்காரன் எண்டெல்லவா நினைப்பான்!" என்று முற்றத்தில் நின்று கண்ணகையையும் சேர்த்துச் சிரிக்க வைத்த வாய் அது.

"தெரியா" என்றது அந்த வாய்.

அந்த உடுப்போடு ஆடிய வருடம்தான் கொழும்பிலிருந்து வானொலிக்காரர் வந்து குரலைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பேப்பரில் படம் வந்தது. அதற்குப் பிறகு இளையதம்பி வீடு எது என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் விளங்காது. ராசா வீடு என்று கேட்க வேண்டும்.

அடுத்தது சீதேவிப்பிள்ளை. கூடப்பிறந்த அக்கா. தாய் போன பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள். "பகலையில வயல் வட்டைக்குள்ள மண்வெட்டி, ராவையில கிரீடம்! ராசாவுக்குப் பழஞ்சோறு போடவா, பால்சோறு போடவா?" என்று வாய் ஓயாமல் நக்கல் அடிக்கிறவள்.

"தெரியா ஐயா."

பக்கத்து ஊர்க்காரனைப் போல அவள் அழுது விழவில்லை.

நல்ல காலமாயிருந்தால் செத்த முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சடித்திருப்பார்கள். பிறந்தது, ஆடினது, பொன்னாடை போர்த்தது எல்லாம் எழுதி, முன்னால் படமும் போட்டு. சனம் வாசித்து அழுதிருக்கும். இன்றைக்கும் ஊர் கூடித்தான் அவருடைய சரித்திரத்தைச் சொன்னது. ஆளுக்கொரு தரம், அதே ஒரு சொல்.

கண்ணகையின் முறை வந்தது.

அவள் பயந்தது தன் வாய்க்கு இல்லை. பக்கத்திலேயே துவக்கு நின்றதால் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. அது "அப்பா" என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும்.

மகளின் முகத்தைச் சேலைக்குள் அமுக்கிக்கொண்டு, "தெரியா ஐயா" என்றாள்.

சொல் சுலபமாய் வந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

துவக்குக்காரன் குனிந்து சேலையை விலக்கினான்.

"பாப்பா, நீ சொல்லு. இது யாரு?"

சின்னத்தங்கம் பார்த்தாள். சேறு படிந்த நெற்றியை, திறந்திருந்த வாயை, தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த கையை. அவசரப்படாமல் ஆறுதலாய்ப் பார்த்தாள்.

"தெரியா" என்றாள்.

அவன் கையைக் காட்டிப் போகச் சொன்னான்.

கண்ணகை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் கேட்பார்கள். கண்டல் மரங்களைத் தாண்டும் வரை மூச்சும் விடவில்லை.

பின்னால் யாரோ எரிக்க டயர் கொண்டுவரச் சொல்லிச் சத்தம் போட்டான்.

பிள்ளை அவள் காதுக்குள் வாயை வைத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, நான் அப்பாவக் காட்டிக் குடுக்கல்ல. அண்டைக்குக் களரியில அப்பா செத்துக் கிடக்கக்குள்ள நான் கூப்பிட்டதுக்கு ஏசினாரில்ல? ஆடி முடியுமட்டும் ஆரெண்டு சொல்லப்படாதாம்."

கண்ணகை நடந்துகொண்டே இருந்தாள்.

"நில்லுங்கம்மா" என்று பிள்ளை இடுப்பிலிருந்து வழுகி இறங்கப் பார்த்தது. "அப்பா எழும்ப முதல் எங்க போறம்?"