அசையாத புள்ளி

1917. தோட்டவெளிக் கிராமத்தில் தந்திக் கிளாக்கர் அம்புறோஸ், கோயிலில் மத்தியான மணி அடித்ததும் தொலைநோக்கி வழியாகச் சூரியனைப் படம் பிடிப்பார். சூரியப் புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்ந்து விளிம்பில் மறைந்துவிடும். ஒன்று மட்டும் பதினேழு நாட்களாக அசையவில்லை.

அவர் அனுப்பிய படங்களைப் பார்த்த கொழும்பு வானாய்வு நிலையத் துரை, "வில்லையில் அழுக்கு. கழுவவும்" என்று எழுதியிருந்தார்.

"என்ர கண்ணாடியில ஊத்தையோ? அவரே பாக்கட்டும்!"

அம்புறோஸ் வில்லையைக் கழற்றித் தபாலில் அனுப்பிவிட்டார்.

மறுநாளும் மணி அடித்தது. பழக்கத்தில் வெறுங்குழாயைச் சூரியனுக்கு நேரே திருப்பி, பின்னால் வெள்ளைத்தாளைப் பிடித்தார். வெறும் வெளிச்சந்தான் விழவேண்டும். வெளிச்சத்தின் நடுவே, வழக்கமான இடத்தில், அந்தக் கறுப்புப் புள்ளி கிடந்தது.

அம்புறோஸ் மனைவியைக் கூப்பிட்டார்.

"அருளம்மா, பேனையைக் கொண்டு வாரும்! இப்ப என்னத்தைக் கழுவச் சொல்லுறாராம்?"