கிளிப் போட்ட முகம்

"தாய்ப்பால் எத்தனை மாசம் குடுத்தீங்க?"

பல் டாக்டர் இதைக் கேட்பார் என்று ஷரீபுன்னிசா எதிர்பார்க்கவில்லை. பல்லுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தமோ.

"குடுக்க முடியல டாக்டர். புட்டிப்பால்தான்."

"விரல் சூப்புவாளா?"

"ஏழு வயசு வரைக்கும். வேப்பெண்ணெய் தடவிப் பாத்தேன். அதையும் சேத்தே சூப்புனா."

ஜுஹைனா சிரித்தாள். உடனே கை வாயை மூடியது. எத்துப்பல். குற்றாலத்தில் தோழிகளோடு எடுத்த எந்தப் போட்டோவிலும் அவளுக்குப் பாதி முகம்தான். மகள் காலேஜுக்குப் போயும் இப்படி வாயைப் பொத்திக்கொண்டே திரியக் கூடாது என்று மேலகரத்திலிருந்து அவளை இழுத்து வந்தவளே ஷரீபுன்னிசாதான்.

"கிளிப் போட்டா ஒண்ணரை வருஷத்துல சிரிப்பு எப்படி இருக்கும்னு இப்பவே பாத்துருவோம்" என்று டாக்டர் கௌரிசங்கர் கம்ப்யூட்டரைத் திருப்பினார்.

திரையில் ஜுஹைனா கையை எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். வரிசையான பற்கள். உதட்டின் ஓரம் லேசாக மேலேறியிருந்தது.

"உம்மா, இது நானா?"

ஷரீபுன்னிசாவின் முகம் சுண்டிப்போனது. சட்டென்று எழுந்தாள்.

"வேண்டாம் டாக்டர். நாங்க வாரோம்."

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. அவளுக்கு இப்ப இருக்கதே போதும்."

ஜுஹைனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்ததும், அழுவதற்கும் வாயைத்தான் பொத்திக்கொண்டாள்.

அதை ஷரீபுன்னிசாவால் பார்க்க முடியவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

"போட்டுருங்க டாக்டர்."

"பெத்த மனம் பித்துன்னு சும்மாவா சொன்னாங்க" என்று டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அளவெடுக்க மகள் உள்ளே போனதும், வாசலில் சாரலுக்கு ஒதுங்கி நின்று தம்மாமில் இருக்கும் கணவன் சலீமுக்குப் போன் செய்தாள்.

"என்னங்க, கிளிப்புக்குச் சொல்லிட்டேன். அடுத்து லீவுல வரும்போது பிள்ளையப் பாத்துத் திடுக்கிட்டுராதீங்க. உங்க பெட்டிக்கு அடியில ஒரு போட்டோ இருக்குல்லா? அதே சிரிப்பு."

மகள் வருகிறாளா என்று உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"இத்தன வருஷம் எத்துப்பல்லு மறைச்சு வச்சிருந்திச்சு. இனி எனக்கு முந்தி உங்களுக்கு வாக்கப்பட்ட அதீபா லாத்தா முகம் தெரிஞ்சவங்க யாரு பாத்தாலும் சொல்லிருவாங்க. அதுக்கு முந்தி நானே அவகிட்ட சொல்லிருதேன், பெத்தவ நான் இல்லன்னு."