சிறகு சுருண்ட ஈக்கள்

ஆய்வுக்கூட ஜன்னல் வெயிலில் என் கணவர் மருந்துப் புகையில் மயங்கிக் கிடக்கும் பழ ஈக்களைச் சிறு தூரிகையால் பிரிக்கிறார். சிறகு சுருண்டு பிறந்தவற்றைக் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறார் பொறுப்பாளர். இவரோ அவற்றில் ஆணும் பெண்ணுமாகச் சிலவற்றை, தீனிக் கூழ் நிரப்பிய தனிப் புட்டியில் சேர்க்கிறார். "பறக்கவே முடியாததெல்லாம் எங்கேங்க பிழைக்கும்?" என்கிறேன், அதே கூடத்தில் புட்டி கழுவும் வேலையிலிருக்கும் நான். "ஜோடி கிடைச்சா போதும்மா, வம்சம் தழைச்சிடும். எனக்கு நீ கிடைக்கலையா?" என்கிறார். பக்கத்து மேசைப் பெண் குனிந்துகொண்டு சிரிக்கிறாள். புட்டியைப் பஞ்சால் அடைத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறவருக்கு, படிக்கட்டிலேயே இதயம் நின்றுவிடுகிறது. அந்த வம்சத்தை இப்போது நான் வளர்க்கிறேன். எழுபது தலைமுறை ஆகிவிட்டது, சிறகு இன்னும் நிமிரவில்லை, கூட்டமோ குறையவில்லை. முட்டை ஈயாவதற்கு அன்றும் இன்றும் பத்து நாள்தான்.