உப்புப் புள்ளிகள்

“இதில இருந்த கறுப்புப் புள்ளியள் எங்க?”

டாக்டர் பசுபதி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“எடுத்துட்டேன் டாக்டர்,” என்றான் அழகப்பன், கொஞ்சம் பெருமையாகவே. “ஒரே தூசி லா. சின்ன பிரஷ்ஷால ஒவ்வொண்ணா மறைச்சேன்.”

சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை மறைத்தே பேர் வாங்கியவன். பல்கலைக்கழகத்துக்கு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்தபோது இருட்டறைக்கு ஆள் கேட்டார்கள், வந்து சேர்ந்தான். வேலை நிரந்தரமாக டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அதை நம்பி குவீன்ஸ்டவுனில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்திருந்தான்.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது தூசி இல்லை, உப்பு என்றார். எலியின் சிறுநீரகத்தில், ஒரு செல்லுக்குள் உப்பிலுள்ள சோடியம் எங்கே நிற்கிறதென்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரு மருந்தில் ஊறவைத்தால், நின்ற இடத்திலேயே கறுப்பாக உறைந்துவிடும். அந்தப் புள்ளிகளுக்காகத்தான் இத்தனை பாடும். நாளைக்கு லண்டனுக்குக் கட்டுரை போக வேண்டும்.

“இது கலியாணப் படம் இல்லை, காணும். இருக்கிறதை இருக்கிறபடி காட்டவேணும். ஒரு புள்ளியை அழிச்சாலும் அது பொய். பொய் சொல்லுற ஆளை நான் இங்க வச்சிருக்க ஏலாது.”

அழகப்பன் இருட்டறைக்குள் போனான். நல்லவேளை, கண்ணாடி நெகட்டிவில் அவன் கை வைத்திருக்கவில்லை. தூரிகையைத் தொடாமல் புதிதாக ஒரு படம் போட்டு, காயவைத்துக் கொண்டுவந்தான்.

எல்லாப் புள்ளிகளும் இருந்தன. செல்லின் ஓரம் நெடுக வரிசையாக, கட்டுரையில் சொன்ன மாதிரியே. நடுவில் உருண்டையாகத் தெரிந்த உட்கருவுக்குள்ளும் ஒரு கொத்து இருந்தது. கட்டுரைப்படி அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. மைக்ராஸ்கோப்பின் திரையில் அவசரமாகப் பார்த்தபோது டாக்டர் ஓரத்தை மட்டும்தான் பார்த்திருந்தார்.

இப்போது நெடுநேரம் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உட்கருவின் மேல் சுண்டுவிரலை வைத்தார்.

“இந்த இடத்தில மட்டும் கொஞ்சம் தூசி விழுந்திட்டுது போல. என்ன, அழகப்பன்?”

அழகப்பன் படத்தைப் பார்த்தான். டாக்டரின் முகத்தைப் பார்த்தான்.

“ஆமா டாக்டர். தூசிதான்.”

டாக்டர் பேனாவைத் திறந்து, மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்த அவனுடைய வேலை நிரந்தர உத்தரவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அழகப்பன் சட்டைப்பையிலிருந்து தூரிகையை எடுத்து, நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டான்.