இடப்பக்கச் சாய்வு

மண்ணூர் ஏரிக்கு மேலே, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கிறது. ஆள் தொடாமலே அதை நேராகக் கொண்டுபோக வேண்டிய ஆட்டோபைலட், ஒரு வாரமாக இடப்பக்கமே இழுக்கிறது. தரையில் சோதித்தால் ஒரு குறையும் தெரிவதில்லை. பழுது பார்த்தவனும் கூடவே பறக்க வேண்டும் என்பது விமான ஷெட்டின் வழக்கம். அதனால் மெக்கானிக் ஏகாம்பரம் நெடிய கால்களை மடக்கிக்கொண்டு வலப்பக்க இருக்கையில் ஒடுங்கியிருக்கிறார். கேப்டனின் ஸ்டீரிங்கோடு சேர்ந்தே திரும்பும் இன்னொரு ஸ்டீரிங் அவர் மடிக்கு மேலே நிற்கிறது. கேப்டன் வில்சன் ஆட்டோபைலட் பொத்தானை அழுத்திவிட்டுக் கைகளை எடுக்கிறார். விமானம் சாயவில்லை. எஞ்சின் இரைச்சலில் கதவு கிடுகிடுக்கிறது. மாலை வெயில் கருவிகளின் வட்டக் கண்ணாடிகளில் அசையாமல் நிற்கிறது. "பார்த்தியாப்பா, கோடு போட்ட மாதிரி போவுது! நாளைக்கு என் பொண்ணையும் ஏத்திக்கினு பெங்களூர் போவப்போறேன்!" என்று கத்துகிறார் கேப்டன். ஏகாம்பரம் சிரிக்கப் பார்க்கிறார். இடது முட்டி வலிக்கிறது. குனிந்து பார்த்தால், ஸ்டீரிங்கின் இடது முனை அந்த முட்டியின் மேல்தான் அழுந்திக்கொண்டிருக்கிறது. "சார், கெட்டியா புட்ச்சிக்கோங்க," என்று சொல்லிவிட்டு முட்டியை மெல்ல விலக்குகிறார். ஸ்டீரிங் இடப்பக்கம் திரும்புகிறது; வெயில் கண்ணாடிகளை விட்டு நழுவுகிறது.